மாயாஜாலக் கதையில் பாத்திரம் கழுவுவது யார்?

ஹாரி பாட்டரில் இனவாதம் இருக்கிறதாம், சார்லி சாக்லேட் கதை அடிமை வியாபாரக் கதையாம் என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். நாமும் அதே புத்தகத்தைத்தானே படித்தோம், நம் கண்ணில் மட்டும் ஏன் படவில்லை என்று உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பும் வந்திருக்கும். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இது. கோட்பாட்டு நூல் எதுவும் படித்திருக்க வேண்டாம். ஒரு சிறுவர் மிகுபுனைவுப் (ஃபேன்டஸி) புத்தகம், ஒரு நோட்டு, ஒரு பென்சில், அதே புத்தகத்தை இரண்டாம் முறை படிக்கிற பொறுமை, இவ்வளவு போதும். பெரும்பாலான உதாரணங்களை ஜே.கே. ரோலிங் எழுதிய ஹாரி பாட்டரிலிருந்தே எடுக்கிறேன். அதுதான் சிறந்த புத்தகம் என்பதால் இல்லை, பலரும் படித்தது அது, கோளாறுகளும் அதில் தாராளமாக இருக்கின்றன.

படி 1: முதல் தடவை சும்மா படியுங்கள்

பென்சிலைத் தொடாதீர்கள். எங்கே சிரித்தீர்கள், எங்கே அழுகை வந்தது, எந்தப் பாத்திரத்தின் மேல் எரிச்சல் வந்தது என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும். குறிப்பாக எங்கே சிரித்தீர்கள் என்பது. அது பின்னால் தேவைப்படும்.

படி 2: வேலைக் கணக்கு எழுதுங்கள்

புதிதாக வருபவர்கள் எடுத்த எடுப்பில் "இந்தக் கோப்லின் (மந்திரக் கதைகளில் வருகிற குள்ள உயிரினம்) யாரைக் குறிக்கிறது? அந்த டிராகன் முதலாளித்துவமா?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். வேண்டாம். அதற்கு முன்னால் வெறும் கணக்கு. இந்த உலகத்தில் சோறு சமைப்பது யார், துணி துவைப்பது யார், அவர்களுக்குச் சம்பளம் உண்டா, வேலையை விட்டுப் போக முடியுமா, ஆயுதம் வைத்துக்கொள்ள யாருக்கு அனுமதி, கொச்சையாகப் பேசுவதாகக் காட்டப்படுவது யார். இந்த ஆறு கேள்விக்கும் பக்க எண்ணோடு பதில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஹாரி படிக்கிற மந்திரப் பள்ளியான ஹாக்வார்ட்ஸையே எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று புத்தகங்களில் விருந்துச் சாப்பாடு தானாகவே தட்டில் வந்து நிற்கிறது. மந்திரம்தானே என்று நாமும் சந்தோஷமாகப் பக்கத்தைத் திருப்புகிறோம். 2000-ல் வந்த நான்காவது புத்தகத்தில்தான் ஒரு பேய் போகிற போக்கில் உண்மையைச் சொல்கிறது: பள்ளிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வீட்டு எல்ஃபுகள் (மந்திரவாதிகளுக்கு ஊழியம் செய்கிற குட்டி உயிரினங்கள்) இருக்கின்றன, பிரிட்டனில் ஒரே கட்டிடத்தில் இத்தனை பேர் வேறெங்கும் இல்லை, சமையலும் கூட்டிப் பெருக்குவதும் அவர்கள் வேலைதான். ஹாரியின் தோழி ஹெர்மாய்னி சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, சம்பளம் உண்டா, விடுமுறை உண்டா, உடம்பு சரியில்லை என்றால் லீவு உண்டா, ஓய்வூதியம் உண்டா என்று கேட்கிறாள். பேய் சிரிக்கிறது. நானும் முதல் தடவை பேயோடு சேர்ந்து சிரித்தவன்தான்.

இதே புத்தகத்தில் இன்னொரு இடம், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பள்ளியின் சமையலறை, விருந்து நடக்கிற பெரிய கூடத்துக்கு நேர் கீழே இருக்கிறது. மேலே மாணவர்களுக்கு நான்கு நீள மேசைகள் என்றால், அவற்றுக்கு நேர் கீழே, அச்சு மாறாமல் நான்கு மேசைகள். கீழ்மேசையில் வைக்கிற சாப்பாடு கூரையைத் தாண்டி மேல்மேசைக்குப் போய்ச் சேருகிறது. உள்ளே நுழைய ஓர் ஓவியத்தில் இருக்கிற பேரிக்காயைக் கூச்சம் காட்ட வேண்டும். பேரிக்காய் வேடிக்கையை விட்டுவிடுங்கள், கட்டிட அமைப்பைப் பாருங்கள். மேலே உண்பவர், கீழே சமைப்பவர், நடுவில் ஒரு கூரை, பார்வைக்கு வராத வழி. இங்கிலாந்துப் பெரிய வீடுகளில் வேலைக்காரர்களுக்குத் தனி மாடிப்படியும் தரைக்குக் கீழே சமையலறையும் இருந்ததே, அந்த வீட்டைத்தான் ஆசிரியர் மந்திரப் பள்ளியாக்கியிருக்கிறார். உருவகம் என்ற சொல்லையே உச்சரிக்காமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

டாபி என்ற எல்ஃபின் சம்பளப் பேச்சுவார்த்தையும் அங்கேதான் வருகிறது. விடுதலையான டாபிக்கு வாரம் 10 கேலியன் (மந்திரவாதிகளின் தங்க நாணயம்), சனி ஞாயிறு லீவு என்று தலைமையாசிரியர் டம்பிள்டோர் முன்வருகிறார். டாபியே அதைக் குறைத்து, வாரத்துக்கு 1 கேலியன், மாதத்துக்கு ஒரு நாள் லீவு என்று முடித்துக்கொள்கிறது. தொழிலாளி தானே கூலியைக் குறைத்துக் கேட்கிற காட்சி நகைச்சுவையாக எழுதப்பட்டிருக்கிறது. இதை நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். பதில் இப்போது வேண்டாம்.

படி 3: ஆசிரியர் வைத்ததா, நாம் பொருத்தியதா, தெரியாமல் ஒட்டிக்கொண்டதா

இந்த மூன்றையும் குழப்பினால் விவாதம் உருப்படாது. ஆசிரியர் திட்டமிட்டு வைக்கிற உருவகம் ஒரு வகை. 1961-ல் அமெரிக்கச் சிறுவர் எழுத்தாளர் டாக்டர் சூஸ் எழுதிய ஸ்னீச்சஸ் கதையில் வயிற்றில் நட்சத்திரம் இருக்கிற ஜந்துக்கள் நட்சத்திரம் இல்லாதவர்களை ஒதுக்கிவைக்கும். ஒரு வியாபாரி இயந்திரத்தோடு வந்து நட்சத்திரம் ஒட்ட 3 டாலர், எடுக்க 10 டாலர் என்று மாற்றி மாற்றிக் காசு பறிப்பான். யூத வெறுப்பை மனதில் வைத்து எழுதியதாக சூஸே சொன்னார். இதில் துப்பறிய ஒன்றுமில்லை.

வாசகர் தன் அனுபவத்தோடு பொருத்திப் பார்ப்பது இரண்டாவது வகை. டோல்கின் தன் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் உருவகக் கதை தனக்குப் பிடிக்காது என்று சொல்லி, வாசகரின் சுதந்திரத்தில் பொருந்துவது வேறு, ஆசிரியர் திணிப்பது வேறு என்று பிரித்துக் காட்டுகிறார். நம்மவர்கள் ஹாரி பாட்டரில் சுத்த ரத்தம் (மந்திரவாதிக் குடும்பத்தில் பிறந்தவர்), சேற்று ரத்தம் (சாதாரண மனிதருக்குப் பிறந்த மந்திரவாதியை இழிவாகச் சொல்வது) என்று படித்ததும் சாதி என்று சொல்வது இந்த இரண்டாவது வகைதான். தப்பில்லை, ஆனால் எங்கே பொருத்துகிறோம் என்று பார்த்துப் பொருத்த வேண்டும். ரத்தப் பைத்தியம் பிடித்த அந்த மந்திரவாதிகளின் கணக்கு நாஜிகளின் வம்சாவளி அட்டவணையோடு அப்படியே ஒத்துப்போகிறது என்று ரோலிங்கே சொல்லியிருக்கிறார். அந்த உலகத்தில் யாருக்கு எந்தத் தொழில் என்பதை ரத்தம் தீர்மானிப்பதில்லை. பிறப்பாலேயே வேலை தீர்மானமாகி, ஒரு குடும்பத்துக்கு அப்பன், பிள்ளை, பேரன் என்று வழிவழியாக ஊழியம் செய்து, நல்ல துணி உடுத்த உரிமையில்லாமல் அழுக்குத் தலையணை உறையைச் சுற்றிக்கொண்டு நிற்பது எல்ஃபுதான். சாதியைப் பொருத்த வேண்டுமென்றால் சேற்று ரத்தத்தைவிட அந்தத் தலையணை உறை எவ்வளவோ மேல்.

மூன்றாவது வகை, எழுதியவருக்கே தெரியாமல் அவர் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. இதைக் கண்டுபிடிப்பதுதான் சுவாரசியம், கஷ்டமும்கூட. பிலிப் புல்மேனின் 1995 நாவலான 'நார்தர்ன் லைட்ஸ்' கதையில் ஒவ்வொரு மனிதனின் ஆன்மாவும் ஒரு மிருகமாகக் கூடவே நடமாடும். வேலைக்காரர்களுக்கு மட்டும் அது பெரும்பாலும் நாய். பக்கத்தில் ஒரு வாக்கியம், அவ்வளவுதான், கதை நகர்ந்துவிடுகிறது. ஆனால் யோசியுங்கள், சேவகம் செய்வது அவர்கள் ஆன்மாவின் வடிவத்திலேயே இருக்கிறது என்றாகிறது. ஆசிரியர் வேண்டுமென்றே குத்தலாக வைத்தாரா, வசதிக்காக வைத்தாரா? இரண்டு விதமாகவும் வாதாடலாம். நான் குத்தல் என்றுதான் நினைக்கிறேன், அடித்துச் சொல்ல மாட்டேன்.

படி 4: ஒப்புமை எந்த இடத்தில் கிழிகிறது?

இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். எந்த உருவகமும் முழுசாகப் பொருந்தாது. பொருந்துகிற இடத்தை எல்லாரும் சொல்லிவிடுவார்கள், பொருந்தாத இடத்தில்தான் புத்தகத்தின் அரசியல் வெளியே தெரியும்.

ஹாரி பாட்டரில் வருகிற லூபின் என்ற பள்ளி ஆசிரியர், பௌர்ணமியில் ஓநாயாக மாறுகிற மனிதர். வேலை கிடைக்காது, பெற்றோர் எதிர்ப்பார்கள், சட்டமும் அவருக்கு எதிராக இருக்கிறது. எச்ஐவி போன்ற நோய்களோடு வாழ்பவர்கள் மேல் சமூகம் சுமத்துகிற களங்கத்தை மனதில் வைத்து எழுதியதாக ரோலிங் சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் கதைக்குள் என்ன நடக்கிறது? பௌர்ணமி அன்று மருந்தைக் குடிக்க மறந்த லூபின் நிஜமாகவே ஆபத்தானவராகிவிடுகிறார். பின்னால் வருகிற கிரேபேக் வேண்டுமென்றே குழந்தைகளைக் கடித்து நோயைப் பரப்புகிறான். நிஜ உலகில் ஒதுக்கப்படுகிறவர்கள் மேல் இருக்கிற பயத்துக்கு அடிப்படை கிடையாது, கதை உலகில் அந்தப் பயத்துக்குப் பல்லும் நகமும் இருக்கிறது. ஒதுக்காதீர்கள் என்று வாயால் சொல்லிக்கொண்டே, ஒதுக்குகிறவன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது என்று கதை கையால் காட்டிவிடுகிறது. வித்தியாசமான உயிரினங்களை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உவமையாக வைக்கிற எத்தனையோ கதைகளில் இதே கிழிசல் உண்டு, இனிமேல் சட்டென்று கண்ணில் படும்.

எல்ஃபுகளுக்கு வருவோம். ஹெர்மாய்னி ஒரு எல்ஃப் நலச் சங்கம் ஆரம்பிக்கிறாள், உறுப்பினர் கட்டணம் 2 சிக்கிள் (வெள்ளி நாணயம்), ஒரு பேட்ஜ் உண்டு. சங்கத்தின் பெயருக்கு முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் வாந்தி எடுப்பது என்று பொருள் வரும். அதாவது ஆசிரியரே பெயர் வைக்கும்போது அவளைக் கேலி செய்தாயிற்று. எல்ஃபுகளுக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது என்கிறான் நண்பன் ரான். நல்லவரான ஹேக்ரிட்கூட, மனிதர்களைக் கவனித்துக்கொள்வது எல்ஃபுகளின் இயல்பு, விடுதலை கொடுப்பது அவர்களுக்குக் கெடுதல் என்கிறார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமை முறையை ஆதரித்தவர்கள் சொன்ன வாதமும் அச்சு அசலாக இதுதான்: அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், விட்டால் பிழைக்கத் தெரியாது. வித்தியாசம் என்னவென்றால் அங்கே அது பொய். இங்கே கதை அதை உண்மையாக்கி வைத்திருக்கிறது, விடுதலையான விங்கி என்ற எல்ஃப் குடித்துக் குடித்துச் சமையலறை அடுப்போரம் அழுதுகொண்டு கிடக்கிறாள்.

அதற்காக, புத்தகம் அடிமை முறையை ஆதரிக்கிறது என்று இங்கேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அவசரப்பட்டால் அடுத்த புத்தகத்தில் வருகிற நல்ல இடத்தைத் தவறவிடுவீர்கள். ஹெர்மாய்னி கம்பளித் தொப்பி பின்னி, குப்பைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். துணி கையில் கிடைத்தால் எல்ஃபுக்கு விடுதலை, அதனால் கூட்டும்போது தெரியாமல் எடுத்து விடுதலையாகட்டும் என்பது திட்டம். எதை எடுக்கிறோம் என்றாவது அவர்கள் பார்த்து எடுக்கட்டும் என்று ரான் குப்பையை விலக்கிவிடுகிறான். மற்ற எல்ஃபுகள் இதை அவமானமாக எடுத்துக்கொண்டு அந்த அறையைப் பெருக்கவே வர மறுக்கின்றன. டாபி ஒற்றை ஆளாக எல்லாவற்றையும் பெருக்கி, எல்லாத் தொப்பியையும் தலைமேல் அடுக்கிக்கொண்டு திரிகிறது. ஹெர்மாய்னிக்கு இது தெரியவே தெரியாது. அவள் ஒரு நாளும் அவர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் பக்கத்திலிருந்து தொடங்கவில்லை. மேலேயிருந்து கொடுக்கிற விடுதலையைப் பற்றி இதைவிடக் கூர்மையான நையாண்டியை நான் சிறுவர் நூலில் பார்த்ததில்லை. ஆசிரியர் யாரைக் கேலி செய்கிறார், எல்ஃபுகளையா, நல்ல மனசு கொண்ட நடுத்தர வர்க்கப் பெண்ணையா? இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். இரண்டும் இருக்கலாம்.

படி 5: ரத்தத்தையும் பணப்பையையும் தனித்தனியாக எண்ணுங்கள்

இனம் பற்றி உரக்கப் பேசுகிற புத்தகம் வர்க்கம் வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும். மால்ஃபாய் குடும்பம் சுத்த ரத்தம், பணக்காரர். வீஸ்லி குடும்பம் சுத்த ரத்தம், ஆனால் அண்ணன் போட்ட பழைய அங்கியைத் தம்பி போடுகிற வீடு. ஹெர்மாய்னி தாழ்ந்த ரத்தம், ஆனால் அப்பா அம்மா இருவரும் பல் மருத்துவர்கள். ஹாரிக்கு வங்கியில் ஓர் அறை நிறையத் தங்கம். அப்படியானால் ரத்தமும் இல்லாமல் காசும் இல்லாமல் இருப்பவர் கதை எங்கே? தேடுங்கள். கோலின் கிரீவி கிடைப்பான், அவன் அப்பா பால்காரர். கேமராவும் கையுமாக ஹாரியின் பின்னால் ஓடுகிற தொல்லைக்காரச் சின்னப் பையனாகவே பெரும்பாலும் வந்து, கடைசிப் போரில் செத்துப்போகிறான். பஸ் கண்டக்டர் ஸ்டான் ஷன்பைக் இன்னொருவன், லண்டன் உழைப்பாளர் கொச்சையில் பேசுவான், செய்யாத குற்றத்துக்குச் சிறைக்குப் போவான்.

அந்தக் கொச்சையைக் கவனிக்கப் பழகுங்கள். நம் சினிமாவில் அடியாளுக்கு எந்த வட்டார வழக்கைக் கொடுக்கிறார்கள் என்று கேட்டாலே நமக்குப் புரிந்துவிடும், ஆங்கில நூல்களிலும் அதே கதைதான்.

படி 6: பழைய பதிப்பு எப்படி இருந்தது?

சிறுவர் நூல்கள் சத்தமில்லாமல் திருத்தப்படுகிறவை. 1920-ல் வந்த டாக்டர் டூலிட்டில் கதையில் வெள்ளையனாக மாற ஆசைப்படுகிற ஆப்பிரிக்க இளவரசன் ஒருவன் இருந்தான், 1988 பதிப்பில் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

ஆனால் உட்கார்ந்து ஒப்பிட வேண்டிய புத்தகம் ரோல்ட் டாலின் சார்லியும் சாக்லேட் தொழிற்சாலையும். டால் இளவயதில் ஷெல் எண்ணெய் நிறுவனத்துக்காகக் கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தவர். 1964-ல் வந்த முதல் பதிப்பில், முதலாளி வொங்காவின் தொழிற்சாலையில் வேலை செய்கிற குள்ள மனிதர்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்பினப் பிக்மிகள். எதிர்ப்பு வந்ததும், 1973 பதிப்பில் அவர்கள் லூம்பாலாந்து என்ற கற்பனை ஊர்க்காரர்கள் ஆனார்கள், தோல் சிவந்த வெள்ளை, முடி பொன்பழுப்பு. 1971 படத்திலோ ஆரஞ்சு முகம், பச்சை முடி.

பிரச்சினை தீர்ந்ததா? வேலைக் கணக்கு நோட்டைத் திறந்து, திருத்திய பதிப்பை மறுபடி படியுங்கள். வொங்கா தன் உள்ளூர்த் தொழிலாளர்கள் அத்தனை பேரையும் ஒற்றர்கள் என்ற சந்தேகத்தில் வீட்டுக்கு அனுப்புகிறார். தொழிற்சாலை மூடிக்கிடக்கிறது. பிறகு ஒரு நாள் புகை வருகிறது, ஆனால் வாசலில் யாரும் உள்ளே போவதும் இல்லை வெளியே வருவதும் இல்லை. கடல் தாண்டி ஓர் இனக்கூட்டத்தை முழுசாக, ஓட்டை போட்ட பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவந்திருக்கிறார். சம்பளம் கொக்கோ கொட்டை. அவர்கள் வெளியே வருவதே இல்லை. புது மிட்டாயை யார் மேல் சோதிப்பது? அவர்கள் மேல்தான். வயலெட் என்ற பெண் சூயிங்கம் மென்று ஊதா நிற பெர்ரிப் பழமாக உப்பிப்போகும்போது வொங்கா சொல்கிற கணக்கைக் கவனியுங்கள்: இதை 20 பேர் மேல் சோதித்தாயிற்று, 20 பேரும் இப்படித்தான் பழமாகிப் போனார்கள். அந்த 20 பேர் என்ன ஆனார்கள் என்று புத்தகத்தில் யாரும் கேட்பதில்லை. வயலெட்டைச் சாறு பிழிய அனுப்புவதைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறார்கள்.

தோலின் நிறத்தை மாற்ற ஒரு பேனா போதுமாக இருந்தது, வேலை ஏற்பாட்டில் ஒரு கமாகூட மாறவில்லை. அதே புத்தகத்தில் சார்லியின் அப்பா பற்பசைத் தொழிற்சாலையில் மூடி திருகுகிற வேலை பார்த்து, அந்த ஆலை திவாலாகி, தெருவில் பனி அள்ளிக்கொண்டிருக்கிறார். ஊரே வேலையில்லாமல் இருக்கிறது, ஊரின் பெரிய தொழிற்சாலை வெளியாட்களை வைத்து ஓடுகிறது, ஏழைப் பையனின் கனவோ அந்தத் தொழிற்சாலையின் முதலாளி ஆவது. சரி, டால் இதையெல்லாம் யோசித்து எழுதினாரா? அப்படித் தெரியவில்லை. மூன்றாவது வகை என்று சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. எனக்கு இன்னமும் பிடித்த புத்தகம் இது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

படி 7: காட்டுப்பக்கத்திலிருந்து ஒரு தடவை பாருங்கள்

கென்னத் கிரகாம் இங்கிலாந்து வங்கியில் செயலாளராக இருந்தவர். 1903-ல் ஒருவன் வங்கிக்குள் வந்து அவரைத் துப்பாக்கியால் சுட்டான், குண்டு ஒன்றும் படவில்லை. 1908-ல் வங்கியை விட்டு வெளியே வந்தார், அதே ஆண்டு 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' என்ற அவருடைய ஆற்றங்கரைக் கதை வெளிவந்தது. எலி, மோல் (அகழெலி), பேட்ஜர் (வளைக்கரடி), பணக்காரத் தேரையார், எல்லாரும் ஓய்வாகப் படகு விட்டுச் சாப்பிட்டுப் பொழுதுபோக்குகிறவர்கள். தேரையார் காரைத் திருடிச் சிறைக்குப் போன நேரத்தில், காட்டிலிருந்து வந்த வீசல்களும் ஸ்டோட்களும் (கீரி மாதிரிச் சின்னப் பிராணிகள்தான்) அவருடைய மாளிகையைப் பிடித்துக்கொள்கின்றன. நான்கு நண்பர்கள் தடியோடு புகுந்து மீட்கிறார்கள்.

மீட்ட பிறகு நடப்பது கதையில் அரைப்பக்கம்தான். தரையில் கிடக்கிற கைதிகளை மாடிக்குக் கூட்டிப்போய்ப் படுக்கையறைகளைச் சுத்தம் பண்ணவை, கட்டிலுக்கு அடியிலும் பெருக்கட்டும், விரிப்பும் தலையணை உறையும் புதிதாகப் போடட்டும், வேண்டுமென்றால் ஆளுக்கு நாலு அடி கொடுத்துப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடு என்று பேட்ஜர் மோலிடம் சொல்கிறார். மோல் இரக்கப்பட்டு அடிக்காமல் ஆளுக்கொரு ரொட்டி கொடுத்து அனுப்புகிறது. மாளிகையைப் பிடித்தவர்கள் அதே மாளிகையில் கட்டிலுக்கு அடியில் பெருக்கிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போகிறார்கள். ஒழுங்கு திரும்பிவிட்டது என்பதை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

பயிற்சி இதுதான்: இந்த அத்தியாயத்தை ஒரு வீசலின் வாயால் ஒரு பக்கத்தில் திருப்பி எழுதுங்கள். ஜான் நீடில் என்ற எழுத்தாளர் 1981-ல் முழு நாவலாகவே எழுதியிருக்கிறார், காட்டு உழைப்பாளர்களின் பார்வையில். அதைப் பிறகு படிக்கலாம், முதலில் நீங்கள் எழுதுங்கள். எழுதும்போது எந்தத் தகவல் கிடைக்காமல் தடுக்கி நிற்கிறீர்களோ, உதாரணத்துக்கு அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், குளிர்காலத்தில் எங்கே தூங்குகிறார்கள், அங்கெல்லாம் மூலக்கதை பார்க்க மறுத்த இடம் இருக்கிறது.

படி 8: கடைசி அத்தியாயத்தில் வேலைக் கணக்கு மாறியதா?

ஹாரி பாட்டர் ஐந்தாம் புத்தகத்தில் மந்திர அமைச்சகத்தின் வாசலில் ஒரு தங்க நீரூற்று இருக்கும். மந்திரவாதி, சூனியக்காரி நடுவில், சென்டார் (பாதி மனிதன், பாதி குதிரை), கோப்லின், எல்ஃப் மூவரும் அவர்களைப் பக்தியோடு அண்ணாந்து பார்க்கிற சிலை. ஹாரி ஒரு நாள் உற்றுப்பார்த்து, கோப்லினும் சென்டாரும் இப்படி உருகிப் பார்க்கவே மாட்டார்கள், எல்ஃபின் பார்வை மட்டும்தான் நம்புகிற மாதிரி இருக்கிறது என்று நினைக்கிறான். அந்த நீரூற்று ஒரு பொய் என்று பின்னால் டம்பிள்டோரே சொல்கிறார். 2007-ல் வந்த ஏழாம் புத்தகத்தில் அது இருந்த இடத்தில் கறுப்புக் கல்லில் புதுச் சிலை வைக்கிறார்கள், மந்திரவாதிகளின் சிம்மாசனமே நசுங்கிய சாதாரண மனிதர்களின் உடம்பு. கொடுங்கோல் ஆட்சிக்கு அடையாளம். ஆனால் பழைய நீரூற்று எந்த ஆட்சியில் வைத்தது? நல்ல ஆட்சி என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில். இதைப் புத்தகமே எடுத்துக் கொடுக்கிறது, அந்த மதிப்பெண்ணைக் கொடுத்துவிட வேண்டும்.

அதே ஏழாம் புத்தகத்தில் கோப்லின்களின் சொத்துரிமைக் கருத்தும் வருகிறது: ஒரு பொருளுக்கு உரிமையாளர் அதைச் செய்தவர், வாங்கியவர் அவர் ஆயுளுக்கு வாடகைக்கு வைத்திருக்கிறார், அவ்வளவே. மந்திரக்கோல் வைத்துக்கொள்ள மற்ற உயிரினங்களுக்குச் சட்டப்படி தடை என்பதும் தெரிகிறது. உழைப்பு, உடைமை, ஆயுதம் என்று ஒரு பெரிய அரசியல் கேள்வியே திறந்து நிற்கிறது. அப்புறம் அந்தக் கோப்லின் ஏமாற்றிவிட்டு ஓடிப்போகிறது, கேள்வியும் அதோடு ஓடிப்போகிறது.

கடைசிப் போரில் கிரீச்சர் என்ற கிழ எல்ஃப் சமையலறைக் கத்திகளோடு எல்ஃப் படையை நடத்திக்கொண்டு வருகிறது. போர் முடிந்தது, வில்லன் செத்தான். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து நடக்கிற பின்கதைக்கு முந்தைய கடைசி வரிகளில், களைத்துப்போன ஹாரி தன் கட்டிலை நினைக்கிறான், கிரீச்சர் ஒரு சாண்ட்விச் கொண்டுவந்து தருமா என்றும் நினைக்கிறான். ஏழு புத்தகத்தின் புரட்சி ஒரு சாண்ட்விச்சில் வந்து நிற்கிறது. ஹெர்மாய்னி பிறகு அமைச்சகத்தில் சேர்ந்து எல்ஃபுகளின் நிலையை முன்னேற்றினாள் என்று ஆசிரியர் புத்தகம் வந்த அடுத்த சில நாட்களில் வாசகர்களிடம் சொன்னார். என் கட்சி, பேட்டியில் நடந்தது பேட்டியில் நடந்தது, சாண்ட்விச் புத்தகத்தில் இருக்கிறது.

கட்டுரை எழுத உட்காரும்போது

ஓர் எச்சரிக்கை. 1964-ல் ஹென்றி லிட்டில்ஃபீல்ட் என்ற அமெரிக்கப் பள்ளி ஆசிரியர், 1900-ல் வந்த ஓஸ் மந்திரவாதிக் கதை அன்றைய விவசாயிகள் இயக்கத்தின் உருவகம் என்று கட்டுரை எழுதினார். மஞ்சள் செங்கல் சாலை தங்க நாணய முறை, வெள்ளிக் காலணி வெள்ளி நாணயக் கோரிக்கை, வைக்கோல் பொம்மை விவசாயி, தகர மனிதன் ஆலைத் தொழிலாளி. அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதால் பாடப்புத்தகம் வரைக்கும் போய்விட்டது. நூலாசிரியர் பாம் அப்படி எதையும் நினைத்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று பிறகு லிட்டில்ஃபீல்டே ஒத்துக்கொண்டார். இந்த உருவக வேட்டையில் எல்லாரும் கவனிக்காமல் விட்டது என்ன தெரியுமா? அதே பாம் 1890-91 வாக்கில் தெற்கு டகோட்டாவில் பத்திரிகை நடத்தியபோது, பூர்வகுடி இந்தியர்களை அடியோடு அழிக்க வேண்டும் என்று தலையங்கம் எழுதியவர். உருவகம் தேடத் தேவையே இல்லாமல், பச்சையாக அச்சில் இருக்கிறது.

அதனால் எழுதும்போது ஒரு காட்சியை மட்டும் எடுங்கள். பக்க எண் போடுங்கள். படத்தில் பார்த்ததைப் புத்தகத்தின் தலையில் கட்டாதீர்கள். வங்கிக் கோப்லின்களின் முகத்தில் யூத வெறுப்புக் கேலிச்சித்திரம் தெரிகிறது என்று வாதாடப் போகிறீர்களா, முதல் புத்தகத்தில் எழுதியிருக்கிற கறுத்த முகம், கூர்தாடி, நீண்ட விரல்கள் என்ற வருணனையிலிருந்து தொடங்குங்கள், படத்தின் ஒப்பனையைத் தனியாக வையுங்கள். "இந்த நூல் இனவாத நூல்" என்று தலைப்பு போட்டால் எல்லாரும் சண்டைக்கு வருவார்கள். "இந்த 20 பேர் எங்கே போனார்கள்" என்று போட்டால் படிப்பார்கள்.

அடுத்து எதை எடுப்பது என்றால், அர்சுலா லெ குவினின் எர்த்ஸீ வரிசையில் 1968-ல் வந்த முதல் நாவல். நாயகன் கெட் செம்பழுப்புத் தோல், அவன் நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு, முதல் அத்தியாயத்தில் ஊரைக் கொளுத்த வருகிற கொள்ளையர்கள்தான் வெள்ளையர்கள். இதை அவர் முரசு அறைந்து சொல்வதில்லை, வாசகர் நாயகனோடு ஒட்டிக்கொள்ளும் வரை காத்திருந்து, போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்கிறார். 2004 தொலைக்காட்சித் தொடரில் கெட்டை வெள்ளையனாக்கிவிட்டார்கள், அவர் வெளிப்படையாகவே எதிர்த்து எழுதினார். நீங்கள் படிக்கும்போது நிறம் வருகிற வரியில் நிறுத்தி, அதுவரை உங்கள் மனதில் கெட் எந்த நிறத்தில் நடமாடிக்கொண்டிருந்தான் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு மேலே படியுங்கள்.